இருட்டையும் கேட்டு வாங்குங்கள்!

பிரான்ஸ் தேசத்தில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், குஸ்தாவ் ல கிரே என்று ஒரு புகைப்பட நிபுணர் இருந்தார். 1850-களில் அவர் கடற்காட்சிகளைப் படம் பிடித்தபோது ஒரு தொல்லை ஏற்பட்டது. கடல் தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துப் போயிற்று. மேகம் தெளிவாக விழுந்தால் கடல் கருத்துப் போயிற்று. மனிதர் சளைக்கவில்லை. வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து, இரண்டையும் ஒரே காகிதத்தில் அச்சிட்டார். கண்டவர்கள் அதிசயித்தார்கள்.

அதே தொல்லைக்கு இன்று செய்யும் வைத்தியம்தான், டெலிவிஷன் பெட்டிகளின்மீது கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'எச்.டி.ஆர்.' என்பது. ஒரே காட்சியில் மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் சேர்த்துக் காட்டுவதே அதன் நோக்கம்.

திரையின் வெளிச்சத்தை 'நிட்' என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி வந்தால் அது ஒரு நிட். பழைய முறையில், தயாரிப்பு நிலையங்கள் 100 நிட்டையே முழு வெண்மையாகக் கொண்டு படத்தைச் சரி செய்தன. ஆனால் உச்சி வெயிலில் கிடக்கும் வெள்ளைக் காகிதமோ இருபதாயிரம் நிட்டுக்கு மேல் ஒளி வீசும்! 2016-ம் ஆண்டு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட புதிய விதிகளில் ஒரு முறை 10,000 நிட் வரை இடம் கொடுக்கிறது. கறுப்பிலிருந்து வெளுப்பு வரை முன்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் இருந்தன. இப்பொழுது குறைந்தது 1,024 படிகள். படிகள் குறைந்தால் மாலை வானம் கோடு கோடாகப் பிரிந்து தெரியும்.

சரி, எல்.இ.டி. திரை இதை எப்படிச் செய்கிறது? பெரிய மைதானங்களில் நிற்கும் திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு விளக்குகள் உண்டு. இவற்றில் நீல விளக்குதான் விஞ்ஞானிகளை நெடுங்காலம் அலைக்கழித்தது. அதை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

விளக்கின் ஒளியைக் குறைக்க, அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவைகூட அணைத்து ஏற்றுகிறார்கள். எரியும் நேரம் குறைந்தால் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. ஆகவே வெளிச்சம் காட்டுவது சுலபம். மங்கலைக் காட்டுவதே கஷ்டம். மட்டமான திரையில் கதாநாயகனின் கருங்கூந்தலும் கறுப்புக் கோட்டும் ஒன்றாகி விடுவது இதனால்தான்.

கடையில் 'எல்.இ.டி. டெலிவிஷன்' என்று விற்பவை பெரும்பாலும் வேறு வகை. அவற்றில் படத்தை உண்டாக்குவது திரவப் படிகத் தகடு; எல்.இ.டி. விளக்குகள் அதற்குப் பின்னால் மட்டுமே எரிகின்றன. அந்த ஒளி கசிந்து இரவு வானத்தைச் சாம்பலாக்கி விடும். நல்ல பெட்டிகளில் பின்விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருண்ட இடத்தில் மட்டும் தணிக்கிறார்கள். மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. எச்.டி.ஆர். படத்தை அவை வாங்கிக் கொள்ளும். ஆனால் அதன் முழு அழகையும் காட்ட அவற்றுக்குச் சக்தி கிடையாது. எனினும் மேலே அச்சிட்டிருப்பது அதே மூன்றெழுத்துத்தான்!

மாதக் கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுக்குமுன், கடைக்காரரிடம் ஓர் இரவுக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் அருகிலுள்ள விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். வானம் கறுப்பா, சாம்பலா? தீபத்தின் சுடருக்கு வடிவம் தெரிகிறதா, அல்லது வெறும் வெள்ளைத் திட்டா? இந்த இரண்டு கேள்விக்கும் உங்கள் கண்ணே பதில் சொல்லி விடும்.

பளிச்சென்ற பகல் காட்சியை எந்தப் பெட்டியும் காட்டும். இருட்டைக் காட்டத் தெரிந்த பெட்டிக்கே கூடுதல் விலை தகும்.