இரைச்சலில் ஒலிதேரும் செவி

கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவர்தம் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) அக்கலையை மேலும் வளர்த்தார். பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் போர்த்திய அக்கருவியின் விளிம்பில் சிறு உலோக வட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒருங்கே முழங்கும்போதும், இமைப்பொழுதில் மறையும் அவ்வட்டுகளின் ஒலி கேட்போர் செவிக்குத் தப்புவதில்லை. இஃது எவ்வாறு இயல்கிறது?

உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டுள்ள காக்ளியா, ஒலியை அதிர்வெண் வாரியாகப் பகுக்கிறது. ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் சவ்வில், உயர் அதிர்வெண்கள் தொடக்கப் பகுதியையும் தாழ் அதிர்வெண்கள் நுனிப் பகுதியையும் அதிரச் செய்கின்றன. எனவே, மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி, வட்டுகளின் உயர்ந்த ஒலியை எளிதில் மறைப்பதில்லை. ஓர் ஒலியை மறைப்பது பெரும்பாலும் அதன் அதிர்வெண்ணை அடுத்துள்ள இரைச்சலே என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்வி பிளெட்சர் 1940இல் விளக்கினார்.

காலமும் இதில் பங்குபெறுகிறது. ஏறத்தாழ 200 மில்லிநொடி வரை ஒலியின் ஆற்றலைச் செவிப்புலன் திரட்டிக்கொள்கிறது. அதனினும் குறுகிய ஒலி கேட்க வேண்டுமாயின், அது வலிமை மிக்கதாக இருத்தல் வேண்டும். எனினும், திடீரெனத் தொடங்கும் ஒலிக்குச் செவிநரம்பு முதற்கணத்திலேயே மிகுதியாகத் துலங்குகிறது. இரைச்சலும் ஒரே சீராக இருப்பதன்று. அது தாழும் இடைவெளிகளில் செவி தனக்கு வேண்டியதைப் பற்றிக்கொள்கிறது. ஒலி வரும் திசையை இரு செவிகளும் ஒப்பிட்டறிவது இப்பணிக்குத் துணைபுரிகிறது.

பேச்சை உணர்வதும் இத்திறனாலேயே. 'கல்', 'பல்' என்னும் சொற்களை வேறுபடுத்துவது முதலில் வரும் வல்லின மெய்யே. மெய்க்கு இலக்கணம் வகுத்த அளவு அரை மாத்திரை. சந்தை இரைச்சலிலும் அச்சிற்றொலியைச் செவி தேர்ந்தெடுப்பதால்தான் சொல் பொருள்படுகிறது.

இத்திறனுக்கு அடிப்படையானவை காக்ளியாவிலுள்ள மயிர்ச்செல்கள். பேரொலியால் அழிந்த மயிர்ச்செல்கள் மனிதரிடம் மீண்டும் வளர்வதில்லை. பேரிரைச்சல் முதலில் தாக்குவது உயர் அதிர்வெண்களை உணரும் பகுதியையே. அதனால் பாதிப்புற்றோர்க்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்டலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஒலிபெருக்கியின் அருகில் நிற்போரும் காதொலிப்பான் அணிவோரும் இவ்வளவை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.