டிரிக்கர் (கித்தார்)

டிரிக்கர் என்பது அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் மேடைகளில் வாசித்துவரும் மார்ட்டின் என்-20 வகைக் கித்தார் ஆகும்.

நைலான் கம்பிகள் கொண்ட இவ்வகைக் கித்தாரை விரல்களால் மீட்டுவது வழக்கம் என்பதால், முகப்புப் பலகையில் காப்புத் தகடு இராது. நெல்சன் பிக் கொண்டு வாசிப்பதால் பலகை தேய்ந்து, ஒலித்துளையை அடுத்துப் பெரிய ஓட்டை விழுந்துள்ளது.

வீடு தீப்பற்றியபோது அவர் உள்ளே ஓடிக் காப்பாற்றிய கருவி இது. பூட்டிவைத்தால் மரம் தேயாது. ஆனால் அவர் விரும்பும் ஒலியும் மேடையில் கிடைக்காது. ஆகவே ஆஸ்டின் நகரக் கைவினைஞர் ஒருவரிடம் தவறாமல் கொடுத்துச் செப்பனிட்டு, மீண்டும் வாசிக்கிறார்.

பழங்கருவியை மேடையேற்றலாமா என எண்ணுவோர், அதன் விலையை மட்டுமன்றி, தேய்மானத்தைத் தொடர்ந்து சரிசெய்ய இயலுமா என்பதையும் பார்க்க வேண்டும்.