ஆர்டர் எண் வந்துவிட்டால் பணம் வந்துவிட்டதா?

தீபாவளி நெருங்கும்போது வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் நம் பெண்கள் சிலர் இப்போது சொந்தமாக இணையக் கடை வைத்திருக்கிறார்கள். புலனத்தில் ஆர்டர் எடுத்தவரை, வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் டின்னை மூடுவார்கள். இணையக் கடைக்கு மாறியதும் முதல் குழப்பம் எண்ணில் வருகிறது. நேற்றைய கடைசி ஆர்டர் 1187; இன்று காலை வந்தது 1194. நடுவிலிருந்த ஆறு எங்கே?

பலர் பயன்படுத்தும் வூகாமர்ஸ் மென்பொருள் வேர்ட்பிரஸ் மேல் இயங்குகிறது. தளத்தில் சேரும் பக்கம், கட்டுரை, படம் எல்லாவற்றுக்கும் வேர்ட்பிரஸ் ஒரே வரிசையில் எண் கொடுக்கிறது. ஆர்டருக்கும் அதே வரிசைதான். நேற்றிரவு நான்கு முறுக்குப் படங்களை ஏற்றியிருந்தால் நான்கு எண்கள் அங்கே போயின. மீதி இரண்டு, பணம் செலுத்த முயன்று முடியாமல் போனவர்களுடையதாக இருக்கலாம்.

வங்கியிடம் கேட்பதற்கு முன்பே மென்பொருள் ஆர்டரைப் பதிந்து எண் கொடுத்துவிடும். வங்கியின் பதில் எந்த ஆர்டருக்கு என்று தெரிய வேண்டுமல்லவா! அதன்பிறகு அட்டையில் பணம் போதாமல் போகலாம், ஓடிபி வராமல் போகலாம். எண் மட்டும் நிற்கும். ஷாப்பிஃபையில் இப்படி இல்லை. வாங்குதல் முடிந்த பிறகே எண் கிடைக்கும், அதுவும் 1001இல் தொடங்கும்.

ஆகவே, எண்ணைப் பார்த்துப் பொட்டலம் கட்டாதீர்கள். ஆர்டரின் நிலையைப் பாருங்கள். அட்டையில் செலுத்தியவருக்கு 'பிராசஸிங்' என்றிருந்தால் அனுப்பலாம். 'ஃபெயில்ட்' என்றால் பணம் வரவில்லை. 'பெண்டிங் பேமெண்ட்' என்றால் காத்திருங்கள். சரக்கு இருப்பைக் கணக்கிடும் வசதி இயங்கினால், மாற்றாதவரை 60 நிமிடங்களில் அந்த ஆர்டர் தானாக ரத்தாகும்.

"அக்கா, காசு வெட்டிட்டாங்களே!" என்று வாடிக்கையாளர் அழைக்கும்போதுதான் உண்மையான சோதனை. வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கலாம். அது சில நாட்களில் விடுபடும். அல்லது பணம் உண்மையாகவே போய், அந்தத் தகவல் மட்டும் உங்கள் தளத்துக்கு வராமல் இருக்கலாம். கட்டணச் சேவை நிறுவனத்தின் கணக்கில் நுழைந்து அந்த ஆர்டர் எண்ணைத் தேடுங்கள். பணம் அங்கே இருந்தால் நிலையை நீங்களே மாற்றிப் பொருளை அனுப்பலாம். இல்லையென்றால், பழைய ஆர்டருக்கே பணம் செலுத்தும் இணைப்பை அனுப்புங்கள். புதிதாக ஆர்டர் செய்யச் சொன்னால் இரண்டு எண்கள், சில நேரம் இரண்டு கட்டணங்கள். பிறகு ஒன்றைத் திருப்பித் தரும் வேலை உங்களுடையது.

எண் வரிசை அழகாக இருக்கட்டும் என்று தோல்வியடைந்த ஆர்டர்களை அழித்துவிடாதீர்கள். பின்னர் யாராவது பணம் கேட்டு வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. இன்வாய்ஸ் எண்ணைத் தனி வரிசையாக, பணம் வந்த பிறகு கொடுங்கள். கணக்காளர் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று. 5 ரிங்கிட் பொருளுக்குப் பத்து நிமிடங்களில் இருபது தோல்விகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு அட்டை என்றால் அவர்கள் முறுக்கு வாங்க வந்தவர்கள் அல்லர். திருடிய அட்டைகளில் எது வேலை செய்கிறது என்று உங்கள் கடையில் சோதிக்கிறார்கள். உடனே கட்டணச் சேவை நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவற்றில் ஒன்று தப்பித் தவறி வெற்றி பெற்றிருந்தால், பொருளை அனுப்பாமல் பணத்தைத் திருப்பிவிடுங்கள்.