எல்லையில் உதிரும் காசு

1988இல் ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஒருவர் 40,000 பெல்ஜிய ஃபிராங்குடன் பிரசல்ஸிலிருந்து கிளம்புகிறார். அன்றைய ஐரோப்பியச் சமூகத்தின் நாடுகளை வரிசையாகச் சுற்றுகிறார். லக்சம்பர்க்கும் அயர்லாந்தும் மட்டும் பட்டியலில் இல்லை. போகும் ஊரிலெல்லாம் கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் அந்த நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்கிறார். வழியில் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கவில்லை. பிரசல்ஸுக்குத் திரும்பி, மறுபடி ஃபிராங்காக மாற்றினால் மிஞ்சுவது 21,300. கிட்டத்தட்டப் பாதிப் பணம் காணாமல் போயிருந்தது.

யாரும் திருடவில்லை. பணம் மாற்றும் கவுன்ட்டரில் எப்போதும் இரண்டு விலைகள் இருக்கும்: அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை, நமக்கு விற்கும் விலை. வங்கிகள் தங்களுக்குள் கைமாற்றும் உண்மையான விலை இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கணக்குக்கு எளிதாக யூரோவின் நடுவிலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுன்ட்டர் 106க்கு விற்கும், 94க்கு வாங்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறக்குறைய ஆறு விழுக்காடு கழிகிறது. பத்து முறை மாற்றினால் அறுபது போகும் என்று மனம் சட்டென்று கூட்டிவிடும். அப்படி நடப்பதில்லை. இரண்டாம் முறை கழிவது மிச்சமுள்ள 94இலிருந்து, மூன்றாம் முறை அதற்கும் குறைந்ததிலிருந்து. பத்தாவது மாற்றம் முடியும்போது நூற்றில் ஏறக்குறைய 54 நிற்கும். கூட்டுவட்டி தலைகீழாக ஓடும் கணக்கு இது. 1988ஆம் ஆண்டுப் பயணியின் நட்டமும் இதையொட்டியே வருகிறது.

அந்த ஆறு ரூபாய் எதற்கு? கவுன்ட்டர்காரர் பல நாட்டு நோட்டுகளை வாங்கி அடுக்கி வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் தூங்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. நாளை விலை சரிந்தால் நட்டம் அவருக்கு. நோட்டுக் கட்டுகளைக் காவலோடும் காப்பீட்டோடும் கொண்டுவர வேண்டும். விமான நிலையத்தில் கடை என்றால் வாடகை வேறு. அரிதான பணமாக இருந்தால் இரண்டு விலைகளுக்கும் இடையிலான இடைவெளி இன்னும் அகலும். இதெல்லாம் நியாயமான செலவுதான். ‘கமிஷன் இல்லை’ என்று பலகை மாட்டி, அதே தொகையை விலை வித்தியாசத்துக்குள் ஒளித்து வைப்பதை மட்டும் என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. செக் குடியரசு இதைச் சட்டத்தால் நேரடியாக எதிர்கொண்டது. 2019 ஏப்ரல் முதல் அங்கே ஆயிரம் யூரோ வரைக்குமான பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீதோடு அதே கடைக்குத் திரும்பிப் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ப்ராக் போகிறவர்கள் இந்த உரிமையைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

1990இல் ஐரோப்பிய ஆணையம் ஒரே பணத்துக்கான வாதத்தை முன்வைத்தபோது இந்தப் பிரசல்ஸ் பயணியையும் சாட்சிக்கு அழைத்தது. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டும் காசும் கைக்கு வந்தன. அந்தப் பயணி சுற்றிய பத்து நாடுகளில் இன்று யூரோவுக்கு வெளியே இருப்பவை பிரிட்டனும் டென்மார்க்கும்தான். நம்மூர்ச் சுற்றுலா நிறுவனங்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் லண்டன்–பாரிஸ்–லூசெர்ன்–ரோம் வழியில் பார்த்தால் பவுண்டு, யூரோ, சுவிஸ் ஃபிராங்க் என்று மூன்று பணம் போதும். பேருந்து லிக்டன்ஸ்டைனின் வாடுட்ஸில் அரை மணி நேரம் நின்றாலும் நான்காவது பணம் தேவையில்லை. அந்த நாடு 1924 முதல் சுவிஸ் ஃபிராங்கையே புழங்குகிறது. ப்ராக்–வியன்னா–புடாபெஸ்ட் பக்கம் போனால் கதை வேறு: கொருனா, யூரோ, ஃபோரின்ட் என்று மூன்று நகரத்துக்கு மூன்று பணம்.

கார்டு வந்ததும் கவுன்ட்டர் மறைந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்குள் குடியேறியிருக்கிறது. மிலானில் கடையிலோ ஏடிஎம்மிலோ கார்டைச் செருகியதும் ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா?’ என்று திரை கேட்கும். ரூபாய் என்றால் கணக்கு புரிகிறது, அதனால் விரல் அங்கேதான் போகும். ரூபாயைத் தொட்டால் மாற்றும் வேலை உங்கள் கார்டு நிறுவனத்தின் கையிலிருந்து நழுவி, அந்த இயந்திரத்தை நடத்துபவரிடம் போய்விடுகிறது. அவர் தன் லாபத்தைச் சேர்த்து விலை வைக்கிறார். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே தொட வேண்டும். ஏடிஎம் ‘இந்த மாற்று விலைக்குச் சம்மதமா?’ என்று கேட்டால் மறுத்துவிடலாம். மறுத்தாலும் பணம் வரும். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை ஜூரிச்சில் நீட்டினால் யூரோ மறுபடி ஃபிராங்காக மாறும், அதற்கும் ஒரு கழிவு பெரும்பாலும் உண்டு.

கவுன்ட்டர் பொதுவாகச் சீண்டாத ஒன்று இருக்கிறது: சில்லறை. மதிப்புக்கு எடை அதிகம் என்பதால் அதைத் திருப்பி அனுப்பும் செலவு கட்டுப்படியாகாது. சுவிஸ் கடைகள் பலவற்றில் யூரோ நோட்டை வாங்கிக்கொண்டு மீதியை ஃபிராங்கில் தருவார்கள். எல்லை தாண்டினால் அந்தக் காசுக்கு வழியில்லை. பேருந்து எல்லையைத் தொடுவதற்குள் தண்ணீர் பாட்டிலுக்கோ கழிப்பறைக்கோ கொடுத்துத் தீர்த்துவிடுவது நல்லது.

யூரோ காசு மட்டும் இந்த விதிக்குத் தப்பியது. அதன் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. மறுபக்கம் அந்தந்த நாட்டின் முத்திரை. ஜெர்மன் ஒரு யூரோவில் கழுகு, அயர்லாந்துக்கு யாழ், கிரேக்க ஒரு யூரோவில் ஆந்தை, ஆஸ்திரிய ஒரு யூரோவில் மோட்சார்ட். 2002இன் முதல் நாள் ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பாலும் சொந்தக் காசே இருந்தது. பிறகு அவை கலக்கத் தொடங்கின. ஜெர்மனியில் கணிதவியலாளர் டீட்ரிச் ஸ்டோயானும், நெதர்லாந்தில் வேறொரு கணிதக் குழுவும், பொதுமக்கள் பர்ஸைத் திறந்து எண்ணிச் சொன்ன விவரங்களை வைத்து இந்தக் கலப்பைப் பின்தொடர்ந்தார்கள். பிறந்த இடம் முகத்திலேயே பொறித்த கோடிக்கணக்கான துகள்கள் ஒரே நாளில் ஒரு கண்டத்தின் மேல் விடப்பட்ட சோதனை அது. எந்த ஆய்வகமும் இப்படியொன்றைத் தானே நடத்தியிருக்க முடியாது.

தண்ணீரில் விழுந்த மைத்துளி மெல்ல விரிவதுபோல் பணமும் பரவும் என்று எதிர்பார்க்கலாம். 2006இல் டிர்க் பிராக்மன், லார்ஸ் ஹுஃப்னாகல், தியோ கைசல் மூவரும் ‘நேச்சர்’ இதழில் காட்டியது வேறு. வரிசை எண்ணை மக்கள் பதிவு செய்துவந்த அமெரிக்க டாலர் நோட்டுகளின் தடங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெரும்பாலான நோட்டுகள் ஊருக்குள்ளேயே சுற்றுகின்றன. சில மட்டும் ஒரே தாவலில் மிகத் தொலைவுக்குப் போய்விடுகின்றன. நடுவில் நீண்ட காலம் ஓரிடத்திலேயே கிடக்கின்றன. பணம் தானாக நடப்பதில்லை, மனிதரே சுமக்கிறார். ஆகவே அது மனிதப் பயணத்தின் வரைபடம். அந்தக் கணிதம் தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணிக்கும் மாதிரிகளுக்கும் பயன்பட்டது.

சுற்றுலாப் பேருந்து அத்தகைய நீண்ட தாவல்களில் ஒன்று. காலையில் இன்ஸ்ப்ரூக்கில் ரொட்டிக் கடைக்காரர் மீதியாகக் கொடுத்த மோட்சார்ட், பயணியின் பையில் ஆல்ப்ஸைக் கடந்து, மாலையில் வெனிஸ் படகுத்துறைக் கடையின் கல்லாவில் விழுகிறது. 2023இல் குரோஷியாவும் 2026 ஜனவரியில் பல்கேரியாவும் யூரோவுக்குள் வந்தன. அவற்றின் புதிய காசுகள் இப்போது அதே பாதையில் கிளம்பியிருக்கின்றன. பாரிஸில் மீதிச் சில்லறை கைக்கு வந்தால் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்து, எந்த நாடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.