கோப்பையைக் கவிழ்த்தால் தெரியும் வரலாறு

பழைய ரஷ்யப் பீங்கான் காபி செட்டைத் தேடிச் சேகரிப்பவர்கள் கோப்பையைக் கையில் எடுத்ததும் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வயதும் பிறப்பிடமும் அடிப்பாகத்து முத்திரையில்தான் இருக்கின்றன.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரசுப் பீங்கான் தொழிற்சாலையை 1744இல் தொடங்கியவர் பேரரசி எலிசபெத். ஐரோப்பாவில் பொத்திப் பொத்திக் காக்கப்பட்ட பீங்கான் ரகசியத்தைச் அங்கே சொந்த முயற்சியில் கண்டுபிடித்தவர் திமித்ரி வினோகிராதவ். பின்னாளில் ஆளும் மன்னரின் பெயரெழுத்தே அந்த ஆலையின் முத்திரையானது. 1766இல் ஆங்கில வணிகர் பிரான்சிஸ் கார்ட்னர் மாஸ்கோவுக்கு வடக்கே தொடங்கிய ஆலையின் பொருட்களுக்கும் நல்ல மதிப்புண்டு.

1917 புரட்சிக்குப் பிறகு வந்தவைதான் மிகச் சுவையானவை. அரண்மனைக்கென வார்த்து, வண்ணம் தீட்டாமல் கிடந்த வெள்ளைப் பீங்கான்களில் செர்கேய் செகோனின் போன்ற ஓவியர்கள் புரட்சி முழக்கங்களைத் தீட்டினார்கள். பல துண்டுகளில் மன்னர் முத்திரையை வண்ணத்தால் மறைத்து, அருகில் அரிவாள் சுத்தியலைப் பொறித்தார்கள். இரண்டு ஆட்சிகள் ஒரே கோப்பையில்! விலை ஏறியதால் போலிகளும் பெருகின. முத்திரையை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. ஓவியத்தின் நேர்த்தியையும் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது, அன்னா யாட்ஸ்கெவிச் வடிவமைத்த நீல வலைப் பின்னல். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்ற இந்த வடிவம் இன்றும் தயாராகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆலை 1925 முதல் 2005 வரை அறிவியலாளர் லமனோசவ் பெயரைத் தாங்கியதால், அந்தப் பெயருள்ள முத்திரை சோவியத் காலத்துக்குப் பிந்தியதாகவும் இருக்கலாம்.