பந்து நிற்காத புல்தரை!

ரெயில்வே இன்ஸ்டிடியூட்டில் கேரம் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். பலகையில் பவுடர் அதிகமாகிவிட்டால் ஸ்டிரைக்கர் சொன்ன பேச்சைக் கேட்காது. மெல்லத் தட்டினாலும் காய் எங்கோ ஓடும். கை தேர்ந்தவர் சமாளிப்பார். மற்றவர்கள் பலகையைத் திட்டிவிட்டு எழுந்து போவார்கள்.

பணக்காரர்கள் ஆட்டம் என்று பெயர் வாங்கிய கோல்பிலும் இதே கதைதான்.

சித்தூர், திருப்பதி மக்களுக்கு கோல்ப் புதுப்பெயர் அல்ல. பக்கத்துப் பெங்களூரில் 1876-ம் ஆண்டே கோல்ப் கிளப் தொடங்கிவிட்டது. கோலார் தங்கவயலிலும் சுரங்கத் துரைமார்கள் ஆடியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு குழியைச் சுற்றியும் புல்லை ஒட்ட வெட்டிய தரை இருக்கும். அதுதான் 'கிரீன்'. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். அதற்குள் பந்தை உருட்டித் தள்ள வேண்டும். 18 குழிகளுக்கு 72 அடி என்று கணக்கு வைத்தால், அதில் 36 அடி இப்படி உருட்டுவதற்கே. ஆக, கிரீன் கெட்டால் பாதி ஆட்டம் கெட்டது!

தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணலை இறுக்கி வைப்பார்கள். அதற்கு 'பிரவுன்' என்று பெயர். பார்க்க அழகில்லை. ஆனால் பந்து ஒழுங்காக நிற்கும். புதிதாக ஆடுகிறவருக்கு அது போதும்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2018-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, ஷின்னகாக் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. பெரிய வீரர் பில் மிக்கல்சனுக்கு அன்று 48-வது பிறந்த நாள். 13-வது குழியில் பந்தைத் தட்டினார். உருண்டது. குழியைத் தாண்டியும் உருண்டது. நிற்கவில்லை! ஓடிப்போய், ஓடுகிற பந்தையே திருப்பி அடித்துவிட்டார். 2 அடி அபராதம். அந்த ஒரு குழிக்கு மட்டும் 10 அடி. அவர் செய்தது தவறுதான். ஆனால் குழி வைத்த இடம் சில மிகக் கடுமையாகிவிட்டன என்று போட்டி நடத்தியவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2004-ம் ஆண்டும் இதே மைதானத்தில் ஆட்டத்துக்கு நடுவே ஒரு கிரீனுக்குத் தண்ணீர் தெளிக்க நேர்ந்தது.

1935-ம் ஆண்டிலேயே எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் இதற்கு ஒரு கருவி கண்டுபிடித்தார். சாய்வான பட்டையிலிருந்து பந்தை விட்டு, எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று அளப்பது. அவ்வளவுதான். வழக்கமாக ஆடுகிறவர்களுக்கு 9, 10 அடி தாராளம். பெரிய போட்டிகளில் 12 அடியும் தாண்டும்.

பரிசுக்கு ஆடுகிறவர் கஷ்டப்படட்டும். சந்தா கட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர் என்ன பாவம் செய்தார்? நல்ல அடிக்குப் பலன் இருந்தால் கடினமும் ருசிதான். நல்ல அடியும் மோசமான அடியும் ஒரே பள்ளத்தில் போய் விழுந்தால் அது ஆட்டமல்ல, லாட்டரி. ஒருவர் நாலு தடவை தட்டுவதற்குள் பின்னால் வருகிற கோஷ்டியும் வெயிலில் நிற்கிறது.

இதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. விடியற்காலையில் பழைய குழியை அடைத்துவிட்டுப் புதுக்குழி தோண்டுகிற தொழிலாளி, சரிவை விட்டு நாலு தப்படி தள்ளிச் சமதரையில் தோண்டினால் போதும்.