கணினி விளையாட்டைச் சீர்செய்யும் கலை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. இது கணினி விளையாட்டுக்கும் பொருந்தும் என்று நாம் சொன்னால், விளையாடும் நேரத்தைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று பெற்றோர் மகிழக்கூடும். அதுவும் உண்மையே. ஆயினும் நாம் இங்கே கூற வந்தது வேறொன்று. விளையாட்டை ஆடுவதோடு நின்றுவிடாமல், அதைத் திருத்தி அழகுபடுத்த முனைவோர் கற்றுக்கொள்ளும் பாடம் அது.

கற்பனை உலகில் நாமே ஒரு பாத்திரமாக நுழைந்து, ஊர் ஊராகச் சென்று, மக்களோடு உரையாடி, இடர்களை வென்று முன்னேறும் விளையாட்டுகள் பல உண்டு. அவற்றுள் புகழ் பெற்ற ஒன்று 'மோரோவிண்ட்'. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதஸ்டா நிறுவனத்தார் இதை 2002ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்டனர். எரிமலை நடுவே உயர்ந்து நிற்கும் ஒரு தீவுதான் கதையின் களம். போர்க் காட்சிகளும் உண்டு. 13 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது என்று அமெரிக்கத் தரமதிப்பு அமைப்பு இதை வகைப்படுத்தியுள்ளது. ஆகவே சிறிய வகுப்புத் தங்கையர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்!

கணினிக்கான இவ்விளையாட்டுடன் 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்னும் கருவியையும் நிறுவனத்தார் சேர்த்தே வழங்கினார்கள். அதைக் கொண்டு எவரும் அவ்வுலகில் ஒரு வீடு கட்டலாம்; புதிய மனிதர் ஒருவரை நிறுத்தி அவர் பேச வேண்டியதை எழுதலாம்; நூலகத்தில் தாம் எழுதிய புத்தகத்தை வைக்கலாம். இப்படிச் செய்யப்படும் மாற்றத்தை 'மோட்' என்று அழைக்கிறார்கள்.

மோட் வேலை செய்யும் முறை எளியது. விளையாட்டின் மூலக் கோப்பில் எவரும் கைவைப்பதில்லை. "இந்த அறையில் இந்த மேசையை இடம் மாற்று" என்பது போன்ற குறிப்புகள் மட்டும் தனியான ஓர் இணைப்புக் கோப்பில் எழுதப்படும். விளையாட்டு தொடங்கும்போது மூலத்தை முதலிலும், இணைப்புகளை வரிசையாகப் பின்னும் கணினி படிக்கும். ஒரே மேசையை இரண்டு இணைப்புகள் மாற்றினால், கடைசியில் படிக்கப்பட்டதே செல்லும். எனவே எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். பிழை நேர்ந்தால் இணைப்பை நீக்கிவிடலாம். மூலம் பழுதுபடாமல் இருக்கும். ஆனால் நாம் சேமித்து வைத்த ஆட்டத்தில் அம்மாற்றத்தின் சுவடு தங்கிவிடலாம். ஆதலின் அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது நலம்.

இனி வேகத்தைப் பற்றிப் பார்ப்போம். திரையில் காண்பது அசையும் படமன்று. விரைந்து மாறும் அசையாப் படங்களே. நொடிக்கு 60 படங்கள் வர வேண்டுமானால், ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி மட்டுமே. அதற்குள் முடியாவிட்டால் ஆட்டம் தடுமாறும்.

புதிதாக மோட் சேர்ப்பவர் பெரும்பாலும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரேயடியாக அழகாக்க முயல்வது. சுவரின் மேல் ஒட்டப்படும் படம் 256க்கு 256 புள்ளிகள் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65,536 புள்ளிகள். அதை 2048க்கு 2048 என மாற்றினால் 41,94,304 புள்ளிகள் ஆகின்றன. பக்கம் எட்டு மடங்கு. சுமையோ 64 மடங்கு! தொலைவில் கிடக்கும் ஒரு கூழாங்கல்லுக்கு இத்தனை அலங்காரம் தேவைதானா? அருகில் நின்று காணும் பொருளுக்குப் பெரிய படமும், மூலையில் கிடக்கும் பொருளுக்குச் சிறிய படமும் போதும்.

சுமை படத்தின் அளவில் மட்டுமில்லை, கட்டளைகளின் எண்ணிக்கையிலும் உண்டு. கடைக்குத் தம்பியை உப்புக்கு ஒரு முறையும், புளிக்கு ஒரு முறையும், மிளகாய்க்கு ஒரு முறையும் அனுப்பினால் சமையல் எப்போது முடியும்? ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஒரே நடையில் வேலை முடிந்துவிடும். கணினியும் அப்படித்தான். ஒரு வீட்டின் கதவு, தூண், கூரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் இருந்தால், தனித்தனிக் கட்டளை அனுப்ப வேண்டும். ஆகையால் 'ப்ராஜெக்ட் அட்லஸ்' என்னும் மோட் செய்தவர்கள், ஆட்டம் மிகவும் தடுமாறும் இடங்களைத் தேடி, அங்குள்ள பல படங்களை ஒரே பெரிய தாளில் அடுக்கினார்கள். காட்சி குறையாமல் வேகம் கூடியது.

விளையாட்டை ஆக்கியவர்களும் இத்தகைய சிக்கனத்தைக் கையாண்டவர்களே. தொலைவிலுள்ள நிலத்தை வரையாமல் மூடுபனியால் மறைத்தார்கள். 'எக்ஸ்பாக்ஸ்' கருவியில் நினைவகம் 64 மெகாபைட் மட்டுமே. அது நிரம்பியபோது, 'ஏற்றப்படுகிறது' என்ற காட்சி திரையில் நிற்கும்போதே கருவியை ஓசையின்றி மறுபடி தொடங்கச் செய்தார்கள் என்று, விளையாட்டின் தலைமை அமைப்பாளர் டாட் ஹோவர்டு பிற்காலத்தில் தெரிவித்தார். இன்று அந்த மூடுபனியை விலக்கித் தொலைவைக் காட்டும் மோட் உண்டு. அதுவும் தொலைநிலத்திற்கு எளிய நகல் ஒன்றைத் தயாரித்து, சிறு பொருள்களை விட்டுவிடுகிறது.

ஆகவே மோட் சேர்க்க விரும்பும் தோழியர்க்கு நாம் சொல்வது இதுதான். முதலில் கூட்டமான ஓர் ஊரில் நின்று வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே இடத்தில் நின்று மீண்டும் அளவிடுங்கள். பத்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், குற்றம் எதனுடையது என்று கண்டுபிடிக்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முறையே இது.

இன்னொன்றும் உண்டு, அது இவை எல்லாவற்றிலும் பெரியது. பிறர் செய்த படத்தையோ உருவத்தையோ எடுத்து நம் மோடில் சேர்ப்பது மிக எளிது. எளிது என்பதால் அது நேர்மையாகிவிடாது. இதே நிறுவனம் 2011இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு, ரசிகர்கள் செய்த மோடுகளை விலைக்கு விற்கும் திட்டம் 2015 ஏப்ரல் 23 அன்று தொடங்கியது. விலையில் 25 விழுக்காடு, செய்தவருக்கு என்பது ஏற்பாடு. உடனே பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஒருவரது படைப்பில் மற்றொருவரது உழைப்பு கலந்திருக்கிறது என்ற சர்ச்சையும் அதில் ஒன்று. ஏப்ரல் 27 அன்று திட்டம் கைவிடப்பட்டது. பணமும் திருப்பித் தரப்பட்டது. தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுவது தவறென்று அறிந்த நாம், கணினியிலும் அனுமதி கேட்டு, செய்தவர் பெயரைக் குறிப்பிட்டு நடக்க வேண்டும் அல்லவா?

மோரோவிண்டில் இடம்பெறாத அண்டை நிலப்பகுதியை உருவாக்க 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற குழு 2001இல் தோன்றியது. ஊதியம் எதுவுமின்றித் தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகக் கட்டி வருகிறார்கள். தொடங்கியவர் ஒருவர், தொடர்பவர் வேறொருவர். எவரும் முழுவதையும் தனியே செய்யவில்லை.

அன்புத் தோழியரே! தாலந்துகளைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். விளையாட்டிலும் நாம் நேரத்தைப் புதைத்து வைக்கலாம்; அல்லது ஒரு சிறிய அறையையாவது, அதில் ஒரு சிறு கதையையாவது நம் கையால் உருவாக்கலாம். இந்த விடுமுறையில் பெற்றோரின் இசைவுடன், படிப்புக்குக் குறைவராமல், நாளுக்கு ஒரு மணி நேரம் முயன்று பாருங்கள். பிறர் கட்டிய உலகில் உலவி வருவதை விட, அதில் நாம் வைத்த ஒரு விளக்கு எரிவதைக் காண்பது பெருமகிழ்ச்சி தரும்.